அப்பா அம்மாவைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சியாட்டிலில் உங்கள் வீட்டில் சில மாதங்களாக இருக்கும் அப்பா, அம்மா அடுத்து சிட்னியில் இருக்கும் உங்கள் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். அப்பாவுக்கு 73 வயது, அம்மாவுக்கு 68. அம்மாவுக்கு முட்டி வலியும் சர்க்கரையும் உண்டு. விமானத்துக்குப் பதிலாக, செப்டம்பர் கடைசியில் வான்கூவரில் ஏறி ஹவாய், தாஹித்தி, ஃபிஜி வழியாக சிட்னியில் இறங்கும் மூன்று வாரக் கப்பல் ஒன்றை அப்பா பார்த்து வைத்திருக்கிறார். சலித்துப் போகாதா, சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள், நடுக்கடலில் உடம்புக்கு ஏதாவது வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பலாம். நானும் என் மனைவியும் ஏறக்குறைய இதே வயதில் இதே பாதையில் போனவர்கள். அவளுக்கும் முட்டி வலி உண்டு. ஆனால் துறைமுகங்களின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்தப் பயணத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் நாலு பக்கமும் தண்ணீர் மட்டும்தான். வான்கூவரிலிருந்து ஹவாய்க்கு ஐந்து நாள், ஹவாயிலிருந்து தாஹித்திக்கு ஐந்து நாள், ஃபிஜியிலிருந்து சிட்னிக்கு இன்னும் சில நாள். கரையே தெரியாத அந்த நாள்கள் பிடிக்கும் என்றால் போகலாம், அவற்றைச் சகித்துக்கொண்டு தாஹித்தியைப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம்.

இப்படியொரு பயணம் ஏன் விற்பனைக்கு வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். கோடையில் அலாஸ்காவுக்கு ஆள் ஏற்றும் கப்பல்களுக்கு செப்டம்பர், அக்டோபரோடு அங்கே வேலை முடிந்துவிடும். அடுத்து ஆஸ்திரேலியாவில் கோடை வரும். கப்பல் எப்படியும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போயாக வேண்டும். வெறும் கப்பலாகப் போவதற்குப் பதில் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதனால் ஒரு நாளுக்கான கட்டணம் வழக்கமான பயணங்களைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். பள்ளிக்கூடம் நடக்கும் காலம் என்பதால் குழந்தைகள் குறைவு, பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். உங்கள் அப்பா, அம்மா தங்கள் வயதுக்காரர்களோடுதான் இருப்பார்கள். ஏப்ரலில் இதே கப்பல்கள் எதிர்த்திசையில் திரும்பும்.

திசை முக்கியம். மேற்கே போகும்போது கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். வான்கூவரிலிருந்து ஹவாய் போவதற்குள் மூன்று மணி நேரம் பின்னால் போகும், அதற்கப்புறம் சிட்னி வரைக்கும் இன்னும் இரண்டு மூன்று மணி. மாலையில் கேபினுக்குத் திரும்பினால் படுக்கையில் ஒரு சின்ன அட்டை இருக்கும்: இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். அந்த இரவுகளில் தூங்க ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். விமானத்தில் போனால் ஒரு வாரத்துக்கு வாட்டி எடுக்கிற நேர மாற்றம் இங்கே உடம்புக்குத் தெரிவதே இல்லை. எதிர்த்திசையில் வந்தால் அதே இரவுகளில் ஒவ்வொரு மணியாகப் பறிபோகும், வயதானவர்களுக்கு அது நன்றாகவே உறைக்கும். அதனால் இலையுதிர்காலத்தில் மேற்கே போவதுதான் நான் சிபாரிசு செய்வது.

இதில் மருந்து விஷயம் ஒன்று உண்டு. பசிபிக் நடுவே தேதி மாறுகிற கோடு ஒன்று உண்டு, அந்தத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரு நாள் முழுசாகக் காணாமல் போகும். திங்கள் இரவு படுத்தால் புதன் காலை எழுந்திருப்பீர்கள். கிழமை பெயர் போட்ட மாத்திரை டப்பாவை நம்பியிருப்பவர்கள் அன்றைக்குக் குழம்புவார்கள். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் மாத்திரை அப்படியே இருக்கும். விட்டுப்போச்சே என்று அதைப் புதன் மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிடக் கூடாது. உடம்பைப் பொறுத்தவரை எந்த நாளும் விடுபடவில்லை. அம்மா இன்சுலின் போடுபவர் என்றால், நேரம் மாறும் இரவுகளில் எப்படிக் கணக்கு வைப்பது என்று ஏறுவதற்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டாம், கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஏறும் நாளில் பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடும்.

தேதிக்கோடு என்றதும் நினைவுக்கு வருகிறது. வழியில் சில கப்பல்கள் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் நிற்கும். அங்கிருந்து நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சமோவா, 2011 டிசம்பர் 30 என்ற நாளையே விட்டுவிட்டுக் கோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டது, ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வியாபாரம் செய்ய வசதியாக. பக்கத்துப் பக்கத்துத் தீவுகள், கடிகாரம் ஏறக்குறைய ஒன்று, தேதி வேறு. உங்கள் அப்பா இதையெல்லாம் ரசிப்பவராக இருந்தால் அவருக்கு இந்தக் கடல் சலிக்காது.

சரி, சலிப்பு பற்றி. தரையில் குழுவாகப் போகும் சுற்றுலாவில் வயதான தம்பதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்குக் கால் நன்றாக இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. நடக்க முடிகிறவர் நின்று நின்று காத்திருப்பார், முடியாதவர் "என்னால உங்களுக்கும் கஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே வருவார். கடைசியில் இரண்டு பேருக்கும் நிறைவு இருக்காது. கப்பலில் இந்தப் பிரச்சினை இல்லை. நான் காலையில் எழுந்து நடைபாதை உள்ள டெக்கில் சுற்றி வருவேன். என் மனைவி அவள் பாட்டுக்குத் தூங்கி எழுந்து, லிஃப்டில் இறங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடிப்பாள். நான் திரும்பி வரும்போது அவளுக்கு அங்கே இரண்டு சிநேகிதிகள் இருப்பார்கள். ஹவாய்க்குப் போகும் பல கப்பல்களில் யுகுலேலே சொல்லித் தருவார்கள், நாலே தந்தி உள்ள சின்ன கிட்டார் மாதிரியான வாத்தியம். பாட்டு வகுப்புக்குக்கூடப் போகாதவள், தினமும் பத்து மணிக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். ஹொனலூலு வருவதற்குள் மூன்று கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், பிடிக்கக் கற்றுக்கொண்டு, விரல் நுனி சிவந்திருப்பதை எனக்குக் காட்டினாள். அந்த நேரத்தில் நான் அரங்கத்தில் பாலினேசிய மாலுமிகளைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். 1976இல் ஹொகுலேயா என்ற இரட்டைப் படகு ஹவாயிலிருந்து தாஹித்திக்குத் திசைகாட்டிகூட இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் மட்டும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தது. வழிநடத்தியவர் மைக்ரோனீசியாவைச் சேர்ந்த மவ் பியாய்லுக். அதே தண்ணீரில் போய்க்கொண்டே அதைக் கேட்பது தனி அனுபவம். இரவில் டெக்கில் நின்று பார்த்தால் துருவ நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், நிலநடுக்கோட்டை நெருங்கும்போது அடிவானத்தில் கலந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் சந்திப்போம். பேச விஷயம் இருக்கும், காலை முழுக்க வேறு வேறு இடத்தில் இருந்திருப்போமே. வீட்டில் ஓய்வு பெற்ற பிறகு எங்களுக்குள் பேச்சு மருந்து, மின்கட்டணம், பிள்ளைகள் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நான் இந்தப் பயணத்தை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணமே இதுதான்: ஒருவரை ஒருவர் சார்ந்திருக்காமல் சேர்ந்தே இருக்க முடிகிற இடம் வயதானவர்களுக்கு வேறு எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. உங்கள் அம்மா இதுவரை போன ஊர்களில் எல்லாம் சமைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார், உங்கள் வீடு உட்பட. மூன்று வாரம் அவருக்கு அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை.

அதனால் பால்கனி உள்ள அறையாகவே எடுங்கள். ஒரு வார அலாஸ்கா பயணத்துக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை போதும் என்பேன். மூன்று வாரத்துக்கு, அதுவும் ஒருவர் மதியம் தூங்கி இன்னொருவர் தூங்காத வீட்டுக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி அவசியம். கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதி, கீழ் டெக்குகள், லிஃப்டுக்குப் பக்கம். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேலேயும் கீழேயும் வேறு கேபின்களே இருக்கிற மாதிரி வரைபடத்தைப் பார்த்து எடுங்கள், சமையலறைக்கோ நடன அரங்குக்கோ அடியில் விழுந்தால் தூக்கம் போச்சு. குளியலறை வாசலில் ஒரு படி உயரம் இருக்கும், இரவில் அது அம்மாவின் காலைத் தட்டிவிடும். சின்ன இரவு விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், பேட்டரியில் எரிவதாக.

முதல் இரண்டு மூன்று நாள்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஹுவான் டி ஃபூகா நீரிணையைத் தாண்டி வெளியே வந்ததும் வட பசிபிக்கின் இலையுதிர்கால அலை தொடங்கும். சாம்பல் நிறக் கடல், குளிர்காற்று, நடைவழிகளில் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். நான்காம் நாள் வாக்கில் காற்றில் சூடு ஏறும், தண்ணீர் கருநீலமாகும், பறக்கும் மீன்கள் தெரிய ஆரம்பிக்கும். குமட்டல் மாத்திரை மெக்லிசினைப் பலரும் சும்மா வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது தூக்கக் கலக்கம் தரும், வயதானவர்கள் தடுமாறி விழ அது போதும். புரோஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. இஞ்சி மிட்டாய், உப்பு பிஸ்கட், வயிற்றைக் காலியாக விடாமல் இருப்பது, அடிவானத்தைப் பார்ப்பது, இவையே பலருக்குப் போதும்.

சாப்பாடு. இருவரும் சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே இந்திய சைவ உணவு என்று பதிந்துவிடுங்கள். ஆனால் பதிந்தால் மட்டும் போதாது. முதல் நாள் இரவே பெரிய உணவுக்கூடத்துக்குப் போய், தலைமைப் பரிசாரகரைக் கூப்பிட்டு நேரில் பேச வேண்டும். நாங்கள் பேசியவர் கேரளத்துக்காரர். மறுநாளிலிருந்து ஒவ்வொரு இரவும் சாப்பாடு முடியும் நேரத்தில் அடுத்த நாள் பட்டியலோடு வந்து நிற்பார், "சேச்சி, நாளைக்கு என்ன வேணும்?" என்று. பருப்பு, சோறு, ஒரு கறி, தயிர், அவ்வளவுதான் என் மனைவி கேட்டது. கேட்டபடி வந்தது. புஃபேயை மட்டும் நம்பினால் பத்தாம் நாள் நாக்கு செத்துவிடும். பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம், மூடி திறக்காத பாக்கெட்டாக. ரைஸ் குக்கர், மின்சார அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதையும் அனுமதிக்க மாட்டார்கள், ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். தீ பயம்தான் காரணம், அதில் தவறில்லை. இனிப்பு மேசை நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்பதை அம்மாவுக்கு அல்ல, அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள். கண்காணிப்பது அவர்தானே.

சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். வாசலில் வைத்திருக்கும் கைத்தெளிப்பானை மட்டும் நம்ப வேண்டாம். கப்பல்களில் பரவும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக மசியாது.

மருத்துவம்தான் உங்கள் பெரிய கவலை, அது நியாயமானதும்கூட. கப்பலில் மருத்துவரும் செவிலியர்களும் இருப்பார்கள். இசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, ஆக்சிஜன், மாரடைப்புக்கான முதல் சிகிச்சை எல்லாம் உண்டு. அறுவை சிகிச்சை கிடையாது, ரத்த வங்கி கிடையாது. ஹவாய்க்கும் தாஹித்திக்கும் நடுவில் சில நாள்கள் ஹெலிகாப்டர் வந்து எடுத்துப் போக முடியாத தூரத்தில் கப்பல் இருக்கும். அப்போது ஏதாவது பெரிதாக வந்தால், பக்கத்தில் எந்தத் தீவு உண்டோ அதை நோக்கித் திருப்புவார்கள், அதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். இதை மறைக்காமல் அப்பா அம்மா இருவரிடமும் சொல்லுங்கள். கடந்த ஆறு மாதத்தில் இதயத்துக்காக மருத்துவமனையில் இருந்தவர்கள், மாத்திரை அளவு இன்னும் நிலைக்காதவர்கள் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பது என் கருத்து. முட்டி வலியும், கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் தடை இல்லை.

கப்பல் மருத்துவரை வெறுமனே பார்ப்பதற்கே நூறு டாலருக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், கட்டணம் அறைக் கணக்கில் ஏறும். அமெரிக்காவுக்கு என்று எடுத்த காப்பீடு நடுக்கடலில் செல்லாமல் போகலாம். ஏற்கெனவே இருக்கும் நோய்களையும், அவசரமாக வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் காப்பீடு வேண்டும். அந்த இரண்டு வரிகளும் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். கட்டணத்துக்கு மேல் ஊழியர்களுக்கான அன்பளிப்பு தலைக்குத் தினம் 16 முதல் 20 டாலர் வரை சேரும். இருவருக்கு மூன்று வாரத்தில் எழுநூறு, எண்ணூறு டாலர் ஆகிவிடும். இதை ஆரம்பத்திலேயே கணக்கில் வையுங்கள்.

விசா விஷயத்தில், இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா, அமெரிக்கா, பிரெஞ்சு பாலினேசியா, ஆஸ்திரேலியா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கரையில் இறங்காவிட்டாலும் கேட்பார்கள். ஒரு தாள் குறைந்தாலும் வான்கூவர் துறைமுகத்திலேயே ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது. இன்னொன்று: பிடிக்கவில்லை என்றால் ஹொனலூலுவில் இறங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், நடுவழியில் இறங்குவதை இஷ்டப்படி செய்ய முடியாது. அலாஸ்கா பயணத்துக்கு வேறொரு விதி உண்டு: வெளிநாட்டில் பதிவான கப்பல், வழியில் வெளிநாட்டுத் துறைமுகம் எதிலும் நிற்காமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் ஆள் ஏற்றிச் செல்வதை 1886ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடுக்கிறது. சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் எட்டிப் பார்த்துவிட்டு வருவது அந்தச் சட்டத்தால்தான். அப்பா அம்மாவுக்குக் கனடா விசா வாங்கியதும், இந்தக் கோடையிலேயே ஒரு வார அலாஸ்கா பயணத்துக்கு அனுப்பிப் பாருங்கள். கடல் ஒத்துவருகிறதா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

துறைமுகங்களில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. கப்பல் ஹவாயின் கவாய் தீவில் நின்றால், அங்கே வைலுவா ஆற்றங்கரையில் ஒரு சைவ ஆதீனம் இருக்கிறது. 1970இல் சிவாய சுப்ரமுனியசுவாமி நிறுவியது. கணபதி ஸ்தபதி வடிவமைத்து, பெங்களூரு அருகே கல்லைச் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய இறைவன் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது. உள்ளே ஸ்படிக லிங்கம். முன்பதிவு செய்துகொண்டுதான் போக முடியும், இப்போதே அவர்களின் விதிமுறையைப் பார்த்து வையுங்கள்.

தாஹித்திக்குப் பக்கத்திலுள்ள மூரேயா போன்ற தீவுகளில் கப்பல் விரிகுடாவுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டும். அம்மாவுக்குச் சிரமமான இடம் இதுதான். கப்பலின் பக்கவாட்டு மேடைக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் ஏறி இறங்கும், படகின் விளிம்பு ஒரு கணம் காலுக்கு நேராக இருக்கும், அடுத்த கணம் ஒரு அடி கீழே போய்விடும். இரண்டு மாலுமிகள் இரு பக்கமும் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்வார்கள். "இப்போ" என்று அவர்கள் சொல்லும்போது கால் வைக்க வேண்டும், தானாக அவசரப்படக் கூடாது. கையில் போன், பை எதுவும் இருக்கக் கூடாது, புடவையைவிடச் சுடிதார் நல்லது. வரிசை குறையும் பத்து மணி வாக்கில் போகட்டும். முடியாது என்று தோன்றினால் கப்பலிலேயே இருக்கலாம். மூரேயாவின் கூர்மலைகள் டெக்கைச் சுற்றியே நிற்கும், கரையிலிருந்து அந்தக் காட்சி கிடைக்காது.

ஃபிஜியில் மட்டும் இருவரும் கட்டாயம் இறங்கட்டும். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1903இலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். நீராவிக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மாதம். ஐந்து வருட ஒப்பந்தம், பெரும்பாலோர் ஊர் திரும்பவே இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஃபிஜி இந்தி பேசுகிறார்கள், பெயர்களில் முதலியார், நாயுடு, கவுண்டர் இருக்கிறது, மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. கப்பல் லௌடோகாவில் நின்றால் நாடி ஊரின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கு டாக்சியில் போய் வரலாம், வர்ணம் தீட்டிய கோபுரம் கடைத்தெருவின் கோடியிலிருந்தே தெரியும். எங்கள் டாக்சி ஓட்டுநருக்குத் தமிழில் நாலைந்து வார்த்தைகள்தான் தெரிந்தன. தாத்தா எந்த மாவட்டம் என்று அவருக்குத் தெரியாது. என் மனைவியை "அம்மா" என்று மட்டும் சரியாகக் கூப்பிட்டார். கோயில் வாசலில் காசு வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தோம். சுவா துறைமுகத்தில் நின்றால் நாடி தூரம், அங்கே பக்கத்துச் சந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும்.

கடைசியாக, சிட்னி. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது மிச்சமிருக்கும் பொடி, ஊறுகாய், விதை, இனிப்பு எதுவாக இருந்தாலும் படிவத்தில் 'ஆம்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் வாங்கிப் போட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம் பெரிது. கப்பல் பெரும்பாலும் விடியற்காலையில் துறைமுகத்துக்குள் நுழையும், அப்பா அம்மா அதற்கு முன்பே எழுந்து மேல் டெக்குக்குப் போய்விடட்டும், ஓப்பரா ஹவுஸைக் கடலிலிருந்து பார்க்க அதுதான் நேரம். தம்பியிடம் எந்த முனையம் என்று முன்பே பார்க்கச் சொல்லுங்கள். பெரிய கப்பல்கள் சிட்னி துறைமுகப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சர்க்குலர் கீயில் நிற்கும், பாலத்தின் 49 மீட்டர் உயரத்துக்குள் நுழையக்கூடியவை அடியில் புகுந்து ஒயிட் பே முனையத்துக்குப் போவதும் உண்டு. ஒயிட் பே என்றால் பேருந்து, ரயிலை நம்ப முடியாது, அவன் காரோடுதான் வர வேண்டும். கப்பல் ஆறு மணிக்கே கட்டினாலும் பெட்டியோடு வெளியே வர எட்டரை, ஒன்பது ஆகிவிடும்.